கேம் கதைகளைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறவர்களுக்கு

வணக்கம்.

ஒரு கேமை முடித்த பிறகும் அந்த உலகத்தை விட்டு வர மனசில்லாமல், அதே பாத்திரங்களை வைத்து யாராவது கதை எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் படிக்கிற தமிழ் வாசகர்களுக்கு இந்த மடல். இப்படிப்பட்ட கதைகளை ரசிகர் புனைவு என்பார்கள், சுருக்கமாக ஃபிக். நீங்கள் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பேச்சுவாக்கில் "அந்த ஃபிக் படிச்சிருக்கேன், செமயா இருக்கும்" என்று சொல்லுவீர்கள். எழுதியவரிடம் சொன்னீர்களா என்று கேட்டால், இல்லை என்பீர்கள். நானும் அப்படிப்பட்ட கதைகளை எழுதுகிறவள். எங்கள் எல்லோர் சார்பிலும் கேட்கிறேன், படித்ததைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டுப் போங்கள்.

எங்களில் பெரும்பாலோர் கதை போடும் இடம் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன். 2009ல் பொதுவில் திறந்த இணையதளம் அது. லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்றின் கீழ் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். விளம்பரம் கிடையாது, கதைக்குக் காசு கேட்கவும் அனுமதி கிடையாது. உங்களுக்கு இது பிடிக்கும் என்று எதையும் எடுத்து நீட்டும் அல்காரிதமும் இல்லை. புதுசு மேலே, பழசு கீழே, அவ்வளவுதான். கென்ஷின் இம்பாக்ட் மாதிரிப் பெரிய கேம் என்றால், காலையில் போட்ட கதை சாயங்காலத்துக்குள் எங்கோ கீழே போயிருக்கும். சின்ன கேம் என்றால் மாதக்கணக்கில் முதல் பக்கத்திலேயே இருக்கும், ஆனால் அந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களே குறைவு. குடோஸ், அதாவது பிடித்திருக்கிறது என்று வாசகர் அழுத்தும் பட்டன், எத்தனை என்ற வரிசையில் அடுக்கிப் பார்த்தால் ஏற்கெனவே பேர் வாங்கிய பழைய கதைகள்தான் மேலே நிற்கும்.

குடோஸ் கொடுத்திருக்கிறேனே என்று சிலர் நினைக்கலாம். சந்தோஷம்தான். ஆனால் ஒரு கதைக்கு ஒருவர் ஒரு தடவைதான் அதை அழுத்த முடியும். மூன்றாம் அத்தியாயத்தில் அழுத்திவிட்டால், நாற்பதாம் அத்தியாயத்தில் நீங்கள் அழுதது எங்களுக்குத் தெரிய வழியே இல்லை. ஹிட் எண்ணிக்கை யாரோ திறந்தார்கள் என்று மட்டும் சொல்லும். முதல் பத்தியோடு மூடியவரும் விடிய விடியப் படித்தவரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

இந்த மௌனம் எல்லா ரசிகர் புனைவுக்கும் உள்ளதுதான். கேம் கதை எழுதுகிறவருக்கு அது இன்னும் கஷ்டம். ஒரு சினிமாவை வைத்து எழுதினால், எழுதியவரும் படிப்பவரும் பார்த்தது ஒரே படம். கேமில் அப்படியில்லை. 2007ல் வந்த முதல் மாஸ் எஃபெக்டில், விர்மைர் கிரகத்தில் நம்மோடு வரும் கெய்டன், ஆஷ்லி என்ற இரண்டு வீரர்களில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். நான் ஆஷ்லியைக் காப்பாற்றினேன். நீங்கள் கெய்டனைக் காப்பாற்றியிருக்கலாம். என் கதையில் ஆஷ்லி கப்பலில் உட்கார்ந்து தன் தங்கைகளைப் பற்றிப் பேசும்போது, உங்கள் கணக்கில் அவள் எப்போதோ செத்துப்போனவள். அதில் நாம் ஆடும் பாத்திரமான ஷெப்பர்ட் ஆணா பெண்ணா, எங்கே வளர்ந்தவர், இரக்கப்படுகிறவரா கறாரானவரா என்பதெல்லாம் ஆடுகிறவர் எடுக்கிற முடிவு. 2023ல் வந்த பால்டர்ஸ் கேட் 3ல் நாமே உருவாக்கும் பாத்திரத்தை எல்லோரும் டாவ் என்கிறார்கள், ஆனால் ஒருவருடைய டாவ் மாதிரி இன்னொருவருடையது இருக்காது. ஆக, நாங்கள் எழுதுவது எங்கள் கையில் உருவான ஓர் ஆளைப் பற்றி. அந்த ஆள் முன்பின் தெரியாத உங்களுக்கும் உயிரோடு தெரிந்தாரா? நீங்கள் சொன்னால்தான் உண்டு.

சண்டைக் காட்சியிலும் இதே சிக்கல். கன்ட்ரோலர் கையில் இருந்தபோது பரபரப்பாக இருந்த பாஸ் ஃபைட், அதாவது பெரிய வில்லனோடு போடும் சண்டை, எழுத்தில் வந்ததும் சப்பென்று ஆகிவிடும். உருண்டான், வெட்டினான், மருந்து குடித்தான், மறுபடி உருண்டான். எழுதுகிறவருக்கு இது தெரியாது, ஏனென்றால் அவர் தலைக்குள் இசையோடு சேர்ந்து அந்தக் கேம் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் எந்த வரியில் தாண்டித் தாண்டிப் படிக்க ஆரம்பித்தீர்கள் என்று தெரிந்தால், அடுத்த சண்டையை நாங்கள் வேறு மாதிரி எழுதுவோம்.

என்ன எழுதுவதென்று தெரியவில்லை என்பவர்களுக்கு ஓர் உதாரணம். ஸ்டார்டியூ வேலி விளையாடியவர்களுக்கு லைனஸைத் தெரியும், ஊருக்கு வெளியே கூடாரத்தில் தனியாக வாழும் பெரியவர். ஒரு ராத்திரி அவர் குப்பைத் தொட்டியில் சாப்பாடு தேடுவார். அதைப் பார்த்த கஸ், சலூன் என்று அந்த ஊரில் சொல்லும் சாப்பாட்டு மதுக்கடையை நடத்துகிறவர், பசித்தால் தன்னிடம் வந்து கேட்கச் சொல்லுவார். இதைத் தொடர்ந்து ஒருவர் எழுதிய கதையில், வெள்ளிக்கிழமை ராத்திரி சலூன் நிறைந்திருக்கும்போது லைனஸ் உள்ளே வந்து எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறார். குறை இருந்தால் சொல்லுங்கள் என்று எழுதியவரே கேட்டிருந்தார். நான் எழுதியது இவ்வளவுதான்: "யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து வெளியே வந்தவர், கஸ் ஒரு வார்த்தை சொன்னதும் கூட்டத்துக்கு நடுவில் வந்து உட்காருவாரா? ஆனால் தட்டை வைத்துவிட்டு கஸ் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிற வரி ரொம்பப் பிடித்தது." கொஞ்ச நாளில் அந்தக் காட்சி மாறியிருந்தது. லைனஸ் பின்வாசலில் நின்றுகொண்டே சாப்பிட்டார். கஸ் திரும்பிக்கொள்கிற வரி அப்படியே இருந்தது, இப்போது காட்சி முழுக்க அந்த வரியைச் சுற்றி நின்றது. இதைச் சொல்ல விமர்சகராக இருக்க வேண்டியதில்லை, அந்த ஊரில் சில நாள் சுற்றியிருந்தால் போதும்.

எழுதியவர் கேட்காதபோது குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வேலை முடிந்து வந்து, ராத்திரியில் இலவசமாக எழுதுகிறவர்கள் இவர்கள். கேட்காதவரிடம் பிடித்ததை மட்டும் சொல்லுங்கள், ஆனால் குறிப்பாகச் சொல்லுங்கள். "சூப்பர்" என்பதும் மகிழ்ச்சிதான். எந்த வரி சூப்பர் என்று சேர்த்துச் சொன்னால் அது எங்களுக்குப் பல மாதம் ஓடும்.

அப்புறம், தமிழ் வாசகர்களிடம் ஏன் தனியாகக் கேட்கிறேன் என்றால், வெண்பா என்ற கேம்தான் காரணம். டொரன்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கி 2023ல் வந்தது, 2024ல் சிறந்த அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. 1980களில் கனடாவுக்குப் போன தமிழ்த் தம்பதி வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின், இவர்களின் கதை அது. வெண்பாவுக்கு அவள் அம்மா தந்த சமையல் குறிப்பேட்டில் பல இடம் அழிந்து கிடக்கும், விடுபட்டதை நாமே யூகித்து இட்லி அவிக்க வேண்டும். உட்கார்ந்தால் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே வருஷங்கள் தாண்டிப்போகும். கதை எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல இடைவெளி கிடைக்காது.

அந்த இடைவெளிக்குள் ஒருவர் எழுதும்போது, கவின் எந்த வயதில் அம்மாவுக்கு இங்கிலீஷிலேயே பதில் சொல்ல ஆரம்பிப்பான், பாவலன் மனைவியிடம் சமாதானம் பேசுகிற விதம் நம் வீட்டு ஆண்கள் பேசுகிற மாதிரி இருக்கிறதா என்பதை வேறு யாரால் சொல்ல முடியும்? சமையல் குறிப்பைத் தேடி எடுத்து எழுதிவிடலாம். இட்லித் துணியில் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் தெளித்து எடுப்பார்கள் என்பது வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த எழுத்தாளருக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரியும். இந்த மாதிரிக் கதைகளுக்கு பீட்டா ரீடராக, அதாவது வெளியிடும் முன் படித்துப் பார்க்கிறவராக, உங்களைவிடப் பொருத்தமானவர் கிடையாது.

கதை இங்கிலீஷில் இருக்கிறதே, நமக்கு அது சரளமாக வராதே என்று தயங்க வேண்டாம். இந்தக் கதைகளை எழுதுகிறவர்களில் நிறையப் பேருக்கு இங்கிலீஷ் இரண்டாவது மொழி, மூன்றாவது மொழி. இலக்கணப் பிழையோடு வந்த கமென்ட்டைப் பார்த்து எழுதியவர் யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. எழுதியவர் தமிழர் என்று தெரிந்தால் தமிழிலேயே எழுதுங்கள்.

உங்களில் எழுதவும் செய்கிறவர்களுக்கு ஒரு யோசனை. ஆள் குறைவான ரசிகர் வட்டங்களுக்காக யூல்டைட் என்று ஒரு பரிமாற்றம் 2003 முதல் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நடக்கிறது. ஒருவர் இன்ன பாத்திரம் வேண்டும் என்று கேட்பார், இன்னொருவர் அதை எழுதித் தருவார். கதை வெளிவரும்போதே அதற்காகக் காத்திருக்கும் வாசகர் ஒருவர் உறுதியாக இருக்கிறார். இதைத் தமிழில் பொங்கலுக்கு நடத்தலாம். பத்துப் பேர் போதும். ஆளுக்குப் பிடித்த மூன்று கேம், அவற்றில் பிடித்த பாத்திரம், வேண்டவே வேண்டாம் என்கிற விஷயங்கள், இவற்றை மார்கழிக்கு முன்னால் எழுதிக் கொடுத்தால் யார் யாருக்கு எழுதுவது என்று பிரித்துக்கொள்ளலாம். ஒருங்கிணைக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதுவரை, கடைசியாக உங்களைத் தூங்கவிடாமல் செய்த கதைக்குத் திரும்பப் போய் இரண்டு வரி எழுதுங்கள். ரொம்ப வருஷத்துக்கு முந்தைய கதையாயிற்றே, எழுதியவர் இன்னும் இருக்கிறாரோ இல்லையோ என்று விட்டுவிடாதீர்கள். கமென்ட் வந்தால் அவருக்கு மெயில் போகும்.

அன்புடன்,
கேம் கதைகள் எழுதும் ஒருத்தி