செயலாளர் ஆண்டறிக்கை: அண்டர்மாட்டில் எங்கள் குளிர்காலம்

அன்பான தமிழ் ஒன்றிய அங்கத்தவர்களே, வணக்கம்.

போன வருட அறிக்கையில் பொங்கல், விளையாட்டுப் போட்டி, கணக்கு என்று வரிசையாக எழுதியிருந்தேன். இந்த முறை பெரும்பகுதி பனியைப் பற்றித்தான் இருக்கும். நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்த வேலை என்று பார்த்தால் அதுதான்.

புதிதாக வந்து சேர்ந்த குடும்பங்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரான அண்டர்மாட் சுவிஸின் அல்ப்ஸ் மலையில் 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஃபுர்கா, ஓபரால்ப், கொட்ஹார்ட் ஆகிய மூன்று மலைக்கணவாய் வீதிகளும் குளிர்காலத்தில் மூடிக் கிடக்கும். வாகனத்தில் வெளியே போக ஷோலெனன் பள்ளத்தாக்கு வழியாகக் கோஷெனனுக்கு இறங்கும் பாதை ஒன்றுதான் மிச்சம், பனிச்சரிவு அபாயம் கூடினால் அதையும் மூடிவிடுவார்கள். மற்றப் பக்கம் பக்கத்து ஊரான ரயல்பில் தொடங்கும் ஃபுர்கா ரயில் சுரங்கம் 1982இல் திறந்தது, 15 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதற்குள்ளால் வலே மாநிலத்துக்குப் போகலாம். ஆனால் ரயல்ப் வரை போய்ச் சேர முடிந்தால்தானே?

ஜனவரியில் இரண்டு நாள் பாதை பூட்டியிருந்தது. வழக்கமாக விடிய நாலு மணிக்குப் பனி அள்ளும் வண்டி வரும், அதன் செம்மஞ்சள் விளக்கு எங்கள் படுக்கையறைக் கூரையில் சுழன்றுகொண்டு போகும், நான் மறுபக்கம் திரும்பிப் படுப்பேன். அன்றைக்கு அந்தச் சத்தமே இல்லை. எழும்பிப் போய் வாசற்கதவை உள்ளே இழுத்துத் திறந்தால், கதவளவுக்குப் பனி அப்படியே சுவர் மாதிரி நிற்கிறது, இடுப்பு உயரத்தில் கதவுப்பிடி அமுங்கிய அச்சு அதில் தெளிவாகப் பதிந்திருக்கிறது. என் சின்ன மகள் அந்த அச்சுக்குள் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னை வெட்ட விட்டாள்.

போன பொதுக்கூட்டத்தில் தீர்மானித்த முறைவேலைத் திட்டம் அன்றைக்குத்தான் உண்மையாக வேலை செய்தது. தனியே இருக்கும் முதியவர் வீடு ஒவ்வொன்றுக்கும் எங்களில் இரண்டு குடும்பம் பொறுப்பு, தமிழர் வீடோ சுவிஸ்காரர் வீடோ வித்தியாசம் இல்லை என்று எழுதி வைத்திருந்தோம். எட்டு மணிக்குள் எல்லா வாசலும் திறந்தாயிற்று. அப்புறம் தீயணைப்புக் குழாய்கள். பனிக்குள் புதைந்தால் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் அவற்றின் பக்கத்தில் கம்பு நட்டிருக்கிறார்கள். எங்கள் வீதியில் இருக்கும் இரண்டையும் பெடியள் நான்கு பேர் தோண்டி எடுத்தார்கள். யாரும் கேட்டுச் செய்யவில்லை, அதற்காகவே இங்கே எழுதுகிறேன்.

பனி அள்ளுவதை எனக்கு ஒழுங்காகச் சொல்லித் தந்தவர் பக்கத்து வீட்டு அம்மா, எண்பது வயதைத் தாண்டியவர், இங்கேயே பிறந்தவர். சவலின் உட்பக்கத்தில் மெழுகுதிரியைத் தேய்க்கச் சொன்னார், அப்படிச் செய்தால் பனி ஒட்டாமல் வழுக்கி விழுகிறது. கொட்டி முடியட்டும் என்று காத்திருக்காமல் பத்து சென்டிமீட்டர் சேரும்போதெல்லாம் போய்த் தள்ளிவிட வேண்டும். தொதலை வெட்டுவது போலத் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும், முழங்காலை மடிக்க வேண்டும், நாரியை வளைக்கக் கூடாது. புதுப்பனி ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 100 கிலோ, நனைந்த பனி அதைப்போல நாலு மடங்கு வரும். தெற்கிலிருந்து ஃபோன் என்ற வெப்பமான மலைக்காற்று அடித்து இளகிய பனியை மறுநாள் அள்ளப்போய் நாரி பிடித்துப் படுத்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள்.

அந்த இரண்டு நாளும் கீழேயிருந்து தமிழ் வகுப்புக்கு வரும் ஆசிரியையால் வர முடியவில்லை. வகுப்பை நிறுத்துவதா என்று கேட்டு எனக்கு ஏழெட்டு அழைப்பு வந்தது. மூத்த அக்கா ஒருவர் நிறுத்த வேண்டாம் என்று சொல்லித் தன் குசினியிலேயே பிள்ளைகளை இருத்திவிட்டார். சூடேற்றியின் மேல் பதினெட்டுக் கையுறை காய்ந்துகொண்டிருக்க, ஊருக்கு மேலே இருக்கும் காட்டைப் பற்றிப் பாடம் நடந்தது. அந்தக் காட்டில் மரம் வெட்டக் கூடாது என்று 1397இலேயே ஊரார் எழுதிவைத்துத் தடை செய்திருக்கிறார்கள். மரம் நின்றால்தான் பனிச்சரிவை மறிக்கும். அப்படியிருந்தும் 1951 ஜனவரி 20 அன்று சரிந்து வந்த பனியில் இந்த ஊரில் 13 பேர் இறந்தார்கள். அதைக் கேட்டுவிட்டு ஒரு பிள்ளை தன் கொப்பியில் "மரங்கள் எங்களுக்கு முன்னால் நிற்கின்றன" என்று எழுதியிருந்தது. அந்த வரியை நான் படமெடுத்து வைத்திருக்கிறேன். ஆசிரியை நல்லவர், அவர் வரத்தான் வேண்டும், ஆனால் குளிர்கால வகுப்பை எங்கள் ஊருக்குள் இருப்பவர்களே நடத்தப் பழக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூன்று பேர் முன்வந்தால் போதும்.

வருத்தமான செய்தி ஒன்று. எங்கள் அங்கத்தவர் ஒருவர் வேலையிடத்தின் பின்பக்கப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். படியில் உப்போ சரளையோ போட்டிருக்கவில்லை. அவரோ வேலை போய்விடும் என்று பயந்து இரண்டு நாள் யாருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சுவிஸில் சம்பளத்துக்கு வேலை செய்யும் எல்லோருக்கும் வேலையிட விபத்துக் காப்புறுதி கட்டாயம், விபத்துக்குப் பிறகு மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தின் 80 சதவீதம் கிடைக்கும். வாரத்தில் 8 மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஒரே இடத்தில் வேலை செய்தால் வீட்டில் விழுந்தாலும் அது பொருந்தும். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், இரவு பத்து மணியானாலும் பரவாயில்லை.

இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சறுக்கப் போவது நல்லது, போங்கள். ஆனால் கொடி நட்ட ஓடுதளத்தை விட்டு வெளியே இறங்குவதற்கு முன் டாவோஸில் இருக்கும் பனி ஆய்வு நிறுவனத்தின் பனிச்சரிவு அறிக்கையைப் பாருங்கள், குளிர்காலத்தில் ஒவ்வொரு நாளும் மாலை 5 மணிக்கு வருகிறது. அபாயத்தின் ஐந்து படியில் மூன்றாம் படி என்றால் நடுத்தரம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். உயிர்கள் அதிகம் போவது அந்த மூன்றில்தான். மீட்பு ஹெலிகொப்டருக்கு 1414. பெற்றோர் இதைக் குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டி வைக்க வேண்டும்.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பொங்கல் மண்டபத்தில் நடந்தது, பானையை வெளியே பனியில் கல் அடுக்கி வைத்தோம், பொங்க நேரமெடுத்தாலும் பொங்கியது. விளையாட்டுப் போட்டி மழையால் நடக்கவில்லை.

அடுத்த வருடத்துக்கு இரண்டு காரியம். வகுப்புக்கு ஆட்கள் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மற்றது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிழமைக்குரிய அரிசி, பருப்பு, குழந்தைகளுக்கான மருந்து நவம்பர் முதலாம் திகதிக்குள் இருக்க வேண்டும், முடியாதவர்கள் கூச்சப்படாமல் சொல்லுங்கள், ஒன்றியம் வாங்கித் தரும்.

ஒன்றியத்தின் சவல்கள் ஆறும் மெழுகு தேய்த்து எங்கள் வீட்டுப் படிக்குக் கீழே வைத்திருக்கிறேன், அந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை.

அன்புடன்,
செயலாளர்