எல்லாப் பாயும் ஒரே பாய் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பூம்புகார்க் கடல் வணிகம் பற்றி வந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன், நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் மேலே போட்டிருந்த படம்? மூன்று பாய்மரம், ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காகச் சதுரப் பாய், பக்கவாட்டில் வரிசையாகப் பீரங்கி ஓட்டை. அது ஐரோப்பியக் கப்பல். பூம்புகார் செழித்திருந்த காலத்துக்கும் அதற்கும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது.

படம்தானே என்று விட என்னால் முடியவில்லை. என் அப்பா தூத்துக்குடித் தோணியில், அதாவது பாய் கட்டி ஓடிய சரக்குக் கப்பலில், கலாசியாக (கப்பல் வேலையாளாக) இருந்தவர். பாயைப் பார்த்தாலே எந்த ஊர்க் கலம், எந்தக் காற்றுக்குக் கட்டியது என்று சொல்லிவிடுவார்.

சதுரப் பாய் பாய்மரத்துக்குக் குறுக்கே தொங்கும். காற்று பின்னால் இருந்து வந்தால் அதை மிஞ்ச ஆளில்லை, பருவக்காற்று மாசக்கணக்கில் ஒரே பக்கம் அடிக்கிற கடலில் அதுவே போதும். 2025 மே மாதம் கார்வாரில் நம் கடற்படையில் சேர்த்தார்களே, கௌண்டின்யா என்று, ஆணி இல்லாமல் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த கப்பல், அதில் இருப்பது சதுரப் பாய்தான். அஜந்தா ஓவியத்தைப் பார்த்துக் கட்டியது. சுக்கானுக்குப் பதிலாகப் பின்பக்கம் பெரிய துடுப்புகள்.

எங்கள் தோணிப் பாய் வேறு ஜாதி. பருமல் என்ற நீளமான கழியைப் பாய்மரத்தில் சாய்வாகக் கட்டி, அதிலிருந்து முக்கோணமாக இறங்கும் பாய். பக்கக் காற்றையும், ஓரளவு எதிர்க் காற்றையும்கூட இது பிடித்துக்கொள்ளும். ஆனால் திருப்புவது லேசான காரியம் இல்லை. காற்றைப் பின்பக்கம் வாங்கி, பருமலை நிமிர்த்தி, பாய்மரத்துக்கு முன்னால் சுற்றிக் கொண்டுபோய் அடுத்த பக்கம் சாய்க்க வேண்டும், அந்த நேரத்தில் பாயின் கீழ் மூலையை இழுத்துப் பிடிக்கிற தாமான் கயிறு கைநழுவினால் பாய் படபடவென்று அடித்து ஆளையே தூக்கி எறிந்துவிடும். அப்பாவின் வலது உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பு கடைசிவரை இருந்தது. தோணித் தலைவரான தண்டல் குரல் கொடுத்ததும் பத்துப் பேரும் ஒரே மூச்சில் இழுத்தாக வேண்டும் என்பார். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் அப்படித்தான் சரக்கு போனது. அப்புறம் இன்ஜின் வந்தது, பாய் துணைக்கு என்று ஆகி, பிறகு அதுவும் போய்விட்டது.

இலங்கையின் நீர்கொழும்பில் பார்த்த ஒருவா என்ற படகைப் பற்றி அப்பா அலுக்காமல் சொல்வார். ஒரு பக்கம் மட்டும் மிதப்புக்கட்டை வைத்த ஒல்லியான படகு, இரண்டு கழிகளுக்கு நடுவே விரித்த நாற்சதுரப் பாய். மிதப்புக்கட்டை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும், அதனால் அந்தப் படகைத் திருப்புவதே கிடையாது. பாயை மாற்றிக்கொண்டு, பின்பக்கத்தை முன்பக்கமாக்கி ஓட்டிவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே கட்டுரையில் 'கேட்டமரன்' என்கிற, இரட்டை உடல் கொண்ட நவீன உல்லாசப் படகைக் காட்டி "நம் கட்டுமரத்திலிருந்து வந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். வந்தது பெயர் மட்டும்தான். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-இல் வெளியான தன் பயண நூலில் நம் கடற்கரைக் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார், அந்தப் பெயர் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டு உடலைச் சேர்த்துக் கட்டுகிற முறை பசிபிக் தீவுக்காரர்களுடையது. கட்டுமரம் என்றால் கட்டைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது, கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப் போடுவார்கள். அதில் பழுப்புச் சாயம் ஏற்றிய முக்கோணப் பாய். சின்ன வயதில் மாமாவோடு போனபோது அவர் அடிக்கடி கடல்தண்ணீரை அள்ளிப் பாய்மேல் வீசுவார். நூல் நனைந்து ஊதி இடைவெளி அடைபட்டால் காற்று ஒழுகாதாம். நனைந்த பாய் "டப்" என்று விறைத்ததும் மரம் முன்னால் பாய்வதை நான் காலடியில் உணர்ந்திருக்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கும் ஃபைபர் படகுதான், அந்தப் பாயை இன்றைக்குப் பிள்ளைகள் பார்க்க வழியே இல்லை. பத்திரிகையில் வரும் படம்தான் அவர்களுக்குக் கப்பல்.

அடுத்த முறை பழைய கப்பல் படம் தேவைப்பட்டால் அஜந்தா ஓவியம் இருக்கிறது, சாதவாகனர் காசில் இரட்டைப் பாய்மரக் கப்பல் இருக்கிறது. தோணியைப் பற்றி எழுதுவதாக இருந்தால் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துக்கு ஒரு நிருபரை அனுப்புங்கள். பருமல் தூக்கிய பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், நானே கூட்டிப்போய் உட்கார வைத்துப் பேச வைக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
தூத்துக்குடி.