காலிக்குப் போகிறேன், விஜி

அன்புள்ள விஜி,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. திட்ட வேண்டியதை எல்லாம் இதற்குள் மனதுக்குள் திட்டி முடித்திருப்பாய். மூட்டு வலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளைக்கு இடமாற்றம் வந்ததா? பேத்திக்குப் பல் முளைத்த படம் பார்த்தேன், அச்சு அசல் உன் மாமியார். கோபித்துக்கொள்ளாதே, பல் மட்டும்தான். புள்ளிப் புடவை மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். பிரிவு உபசாரத்தில் அதே பேச்சு, அதே இடத்தில் அதே இருமல். பக்கத்தில் நீ இல்லாததால் என்னால் சிரிப்பை அடக்க முடிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். சால்சா நடனம் கற்றுக்கொள்ள மூன்று வாரம் விடுப்பு வாங்கிவிட்டேன். எந்த ஊர் என்பதும் முடிவாகிவிட்டது. காலி.

சிரிக்காதே. கொலம்பியாவில் இருக்கிற ஊர். அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். வீட்டில் சொன்னதும் அவர் பேப்பரை இறக்காமலே, "எது காலி, சேமிப்பா?" என்று கேட்டார். அத்தோடு சரி. அந்தச் சத்தம் அவருக்கு ஆகாது, ஆனால் நான் போவதில் ஆட்சேபணை இல்லை. ஆட்சேபணை எல்லாம் மகளுக்குத்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

வகுப்பில் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. எண்ணிக்கை எட்டு, ஆனால் கால் வைப்பது ஆறு தடவைதான். ஒன்று இரண்டு மூன்று, அப்புறம் ஒரு நிறுத்தம். ஐந்து ஆறு ஏழு, மறுபடி நிறுத்தம். நாலும் எட்டும் காலுக்குக் கிடையாது. எனக்கோ ஐம்பத்திரண்டு வயது வரை எந்த இடத்திலும் சும்மா நின்று பழக்கமில்லை. நாலாவதிலும் ஒரு அடி வைத்துவிடுவேன். வீட்டில் பீரோக் கைப்பிடியை ஜோடியாகப் பிடித்துக்கொண்டு பழகினேன். ஒரு ராத்திரி திருப்பத்தில் அது கையோடு வந்துவிட்டது. திருகாணி கட்டிலுக்கு அடியில் உருண்டு போய் இன்னும் கிடைக்கவில்லை. பீரோவைத் திறக்க இப்போது ஸ்பூன் வைத்திருக்கிறேன்.

இப்படியே வகுப்பும் பீரோவுமாகப் போயிருந்தால் எந்த ஊரையும் யோசித்திருக்க மாட்டேன். ஆறு மாதம் முன்னால் முதல்முறையாக ஒரு 'சோஷியல்' போனேன். பாடம் கிடையாது, பாட்டுப் போடுவார்கள், யார் வேண்டுமானாலும் யாரையும் ஆடக் கூப்பிடலாம். கூட வருவதாகச் சொன்ன தோழி கடைசி நேரத்தில் வரவில்லை. சுவரோரம் நாற்காலி வரிசை. உட்கார்ந்தேன். முதல் பாட்டில் செருப்பு வாரைச் சரிசெய்தேன். இரண்டாவதில் இன்னொரு செருப்பு. அதன்பிறகு தண்ணீர் பாட்டிலின் லேபிளை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தேன். நுனி கிழியாமல் முழுசாக எடுத்து, மடித்துப் பைக்குள் வைத்தபோது ஓடிக்கொண்டிருந்தது பதினோராவது பாட்டு. பன்னிரண்டாவதுக்கு ஒரு பெரியவர் வந்து கை நீட்டினார். நான் வழக்கம்போல நாலில் கால் வைத்தேன், அவர் கட்டைவிரல் மேல். மனுஷன் முகம் சுளிக்கவில்லை. "எண்ணாதீர்கள், மணியைக் கேளுங்கள்" என்றார். அன்றுதான் பாட்டுக்குள் அந்த மாட்டுமணிச் சத்தம் இருப்பதே எனக்குக் கேட்டது.

அந்தப் பதினோரு பாட்டுதான் விஜி, எல்லாவற்றுக்கும் காரணம். எந்த ஊரில் நல்ல ஆசிரியர், எந்த ஊரில் நல்ல இசை என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள். நான் பார்த்தது வேறு. தனியாக வரும் ஐம்பத்திரண்டு வயதுக்காரியை எந்த ஊர் குறைந்த நேரம் நாற்காலியில் உட்கார வைக்கும்? மேப்பை விரித்துக்கொண்டு ஒவ்வொரு ஊருக்கும் அந்தக் கேள்வியைப் போட்டேன்.

நியூயார்க் முதலில் வந்தது, முதலில் போயிற்று. சால்சா என்ற பெயரைக் கடைக்குக் கொண்டுபோனதே அந்த ஊர்தான். 1964-இல் ஜானி பாச்சேக்கோவும் ஜெர்ரி மசூச்சியும் ஆரம்பித்த ஃபானியா இசைத்தட்டுக் கம்பெனி இல்லாவிட்டால் நமக்கெல்லாம் இந்த வார்த்தையே வந்து சேர்ந்திருக்காது. அங்கே தாளத்தின் இரண்டாம் தட்டில் திரும்புவார்கள், ஜோடியாக ஒரே கோட்டில் போய் வருவார்கள். எடி டோரஸ் என்ற நடன ஆசிரியர் அதை எண்ணிக்கை போட்டுப் பாடமாகவே ஆக்கிவிட்டார். வகுப்புக்குத் தனியாகப் போகலாம், ஜோடி மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் முதல் தட்டிலேயே தடுமாறுகிறவள் இரண்டாம் தட்டுக்குப் போய் என்ன செய்ய? அறை வாடகையைப் பார்த்த பிறகு இந்த நியாயம் இன்னும் பலமாகப் பட்டது.

போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் மேல் ஒரு வாரம் மயக்கமாக இருந்தேன். சாந்தூர்சே என்கிற பகுதியில் லா பிளாசிட்டா என்று ஒரு சந்தை. பகலில் காய்கறி, பழம். வார இறுதி ராத்திரிகளில் அதைச் சுற்றியுள்ள தெருவெல்லாம் ஆட்டம். ஆடிப் பார்க்க அருமையான இடம். ஆனால் தெருவில் கூட்டம் ஆடும்போது நான் அங்கேயும் ஓரமாக ஒரு பாட்டிலோடுதான் நிற்பேன் என்று தோன்றிவிட்டது.

நீ சொன்ன கியூபாவின் ஹவானாவை விடத்தான் மனசு வரவில்லை. அங்கே ஆடுவதை சால்சா என்றே சொல்லமாட்டார்கள், 'காஸினோ' என்பார்கள். ஐம்பதுகளில் காஸினோ தெபோர்த்திவோ என்ற கிளப்பில் ஆடி ஆடி அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கோட்டில் போகாமல் ஒருவரையொருவர் சுற்றி வருவார்கள். பல ஜோடிகள் வட்டமாக நின்று ஆடினால் 'ருவேதா', அதாவது சக்கரம். ஒருவர் அடவின் பெயரைக் கத்துவார், வட்டம் முழுக்க அதைச் செய்ய வேண்டும். 'தாமே' என்று கத்தினால் அடுத்த ஜோடியின் பெண் இவனிடம் வருவாள், இவனுடைய ஜோடி அந்தப் பக்கம் போவாள். கொடு என்பதற்கு அங்கேயும் 'தா'தான், தெரியுமோ? யாரும் உட்கார முடியாது, ஆள் மாறிக்கொண்டே இருக்கும். என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேறு ஊரில் இல்லை என்று துள்ளினேன்.

அப்புறம் உள்ளே போய்ப் பார்த்தால், அடவுப் பெயர்கள் டஜன் டஜனாக இருக்கின்றன. ஒருத்தி பிசகினால் சக்கரம் மொத்தமும் நிற்கும். மூன்று வாரத்தில் அந்தப் பெயர்களை நெட்டுருப் போடவே சரியாக இருக்கும், அதுவும் ஸ்பானிஷில். இன்னொன்று, அங்கே பல பள்ளிகளில் மாணவருக்கு ஒரு ஆட்டக்காரரை ஜோடியாகக் கொடுத்துவிடுகிறார்கள். நாம் தப்பாக வைத்தாலும் அவர் சரியாக்கிவிடுவார். கேட்க சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட ஜோடி ஏற்கெனவே என் வீட்டில் இருந்தது, கைப்பிடி போட்டது, காசும் கேட்காது. இதெல்லாம் போதாதென்று கரண்ட் வேறு. 2024 அக்டோபரில் கியூபா முழுக்க ஒரே நேரத்தில் விளக்கு அணைந்ததே, மகள் அந்தச் செய்தியை மூன்று தடவை அனுப்பினாள். கையில் ரொக்கத்தை வைத்துக்கொண்டு இருட்டில் அம்மா நிற்பதாக அவளுக்கு ஒரு படம் ஓடுகிறது. ஹவானா அடுத்த முறைக்கு.

காலிக்கு வருகிறேன். சால்சா பிறந்த ஊர் கிடையாது. கியூபாவின் 'சோன்' இசை நியூயார்க் போய், அங்கே வேறு உருவம் எடுத்து, இசைத்தட்டாகக் காலியில் வந்து இறங்கியது. பக்கத்துத் துறைமுகமான புவெனவெந்தூராவுக்குக் கப்பல்காரர்கள் கொண்டுவந்த தட்டுகள். அறுபதுகளில் ஊர்க்காரர்களுக்கு அந்த வேகம் போதவில்லையாம். நிமிஷத்துக்கு 33 சுற்றில் ஓட்ட வேண்டிய தட்டை 45-இல் ஓட்டி ஆடினார்களாம். அதனால்தான் அந்த ஊர் ஆட்டத்தில் இடுப்புக்கு மேல் ஆள் அசையாத மாதிரி இருக்கும், கீழே இரண்டு காலும் தையல் மிஷின் ஊசி மாதிரி போகும். ஜோடிக்குத் தருகிற அதே மரியாதை தனிக் காலுக்கும் உண்டு. பாட்டின் நடுவில் கையை விட்டுவிட்டு, எதிரெதிரே நின்று, அவரவர் காலை அவரவர் காட்டுவார்கள். யாரும் சுற்றிவிட வேண்டாம், யாரும் கூப்பிட வேண்டாம். காலிக்குக் கால்தான் மூலதனம். (இந்தச் சிலேடையை மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்தேன். உன்னைத் தவிர யாரிடம் சொல்வது?)

டிசம்பர் 25 முதல் 30 வரை அங்கே ஃபெரியா, பெரிய திருவிழா. முதல் நாளே 'சால்சோட்ரோமோ' என்று ஆட்டப் பள்ளிகள் எல்லாம் ஊர்வலமாக ஆடி வரும். கண் கொள்ளாக் காட்சிதான். ஆனால் நான் பார்க்கப் போகவில்லை, படிக்கப் போகிறேன். அதனால் நவம்பர்.

இப்போது மகளின் ஆட்சேபணை. பயப்பட ஒன்றுமில்லை என்று உனக்கு நான் கதை அளக்கப் போவதில்லை. தெருவில் போனை ஆட்டிக்கொண்டு நடக்கக் கூடாது, ராத்திரியில் தெருவோரம் நின்று டாக்ஸியை மறிக்கக் கூடாது, முன்பின் தெரியாதவர் தரும் பானத்தை வாயில் வைக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னது விளையாட்டில்லை. ஸ்கோபொலமின் என்ற மருந்தைக் கலந்து கொடுத்து, ஆளைச் சொன்னபடி ஆட வைத்துக் கொள்ளையடித்த சம்பவங்கள் அந்த நாட்டில் நடந்திருக்கின்றன. அங்கே ஒரு சொலவடை: பப்பாளியை நீட்டாதே. மற்றவன் எடுக்கும்படி எதையும் காட்டி வைக்காதே என்று அர்த்தம். மகள் தினமும் போனை வைக்கும்போது, "அம்மா, பப்பாளி" என்கிறாள். நானும் "பப்பாளி" என்கிறேன்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்து மறுபடி குழம்பிய நேரத்தில்தான் அந்த வார்த்தை கண்ணில் பட்டது. 'வியேஹோத்தேகா'. வியேஹோ என்றால் கிழம். டிஸ்கோத்தேகாவில் பாதியை வெட்டி அதில் ஒட்டியிருக்கிறார்கள். கிழவர் டிஸ்கோ! வயதானவர்கள் ஆடுவதற்காக அந்த ஊரிலேயே முளைத்தது, பிறகு எல்லா வயதுக்காரர்களும் வர ஆரம்பித்துவிட்டார்கள். வார இறுதி நாட்களில், அதுவும் பிற்பகலில். பழைய பாட்டு, பழைய ஆட்கள், வெளியே வெயில். எழுபது வயதுப் பாட்டி ஒருத்தி இரட்டை நிறச் செருப்பு போட்டுக்கொண்டு ஆடிய ஒரு காணொளியை இருபது தடவை பார்த்தேன். அவள் நாலில் சும்மா நின்றாள் விஜி. அவ்வளவு அழகாக யாரும் சும்மா நின்று நான் பார்த்ததில்லை. அன்று ராத்திரியே டிக்கெட் போட்டேன்.

இனிமேல்தான் நாலு மாதம் எழுதாமல் இருந்த காரணம். போன கடிதத்தில், "எந்த ஊராக இருந்தாலும் நானும் வருகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து போவோம்" என்று எழுதியிருந்தாய். படித்ததும் சந்தோஷமாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து வயிற்றைப் பிசைந்தது. நீ வர வேண்டாம்.

மூட்டு வலியைக் காரணம் சொல்லலாம், அது பொய். நீ வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மேசை பிடிப்பாய். வந்திருப்பவர்களுக்கெல்லாம் பெயர் வைப்பாய். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். பன்னிரண்டு பாட்டும் ஓடிவிடும், ஒன்றுக்குக்கூட எழுந்திருக்கத் தோன்றாது, அது ஒரு குறையாகவும் படாது. பதினேழு வயதிலிருந்து எனக்குக் கூச்சமான இடத்திலெல்லாம் நீ முன்னால் போய் நின்றிருக்கிறாய். ஹாஸ்டல் வார்டனிடம், தேர்வு அறையில், அந்தத் தொப்பி விவகாரத்தில், என் கல்யாணப் பேச்சில்கூட. உன் முதுகுக்குப் பின்னால் நிற்பதைப் போல வசதியான இடம் எனக்கு வேறு கிடையாது. ஆனால் அங்கே நின்றால் மணி கேட்பதில்லை.

கியூபா ஆட்டத்தில் ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் அடவு ஒன்று உண்டு. பெயர் 'தீலே கே நோ'. மாட்டேன் என்று அவனிடம் சொல், என்று பொருள். பெண் அவனைக் கடந்து மறுபக்கம் போவாள், பிடித்த கையை இருவரும் விடுவதில்லை. வகுப்பில் சும்மா ஒரு மாறுதலுக்காகக் காட்டினார்கள், அரை மணி நேரத்தில் எனக்கு வந்துவிட்டது. உனக்கு எழுதத்தான் நாலு மாதம் ஆயிற்று.

கோபம் வந்தால் வரட்டும். ஆனால் அந்த மெரூன் கைப்பை, உள்ஜிப் வைத்தது, அதை மட்டும் கூரியரில் அனுப்பி வை. பப்பாளி வைக்க அதுதான் சரி. அப்படியே உன் வீட்டுப் பழைய பீரோவின் கைப்பிடி ஏதாவது சும்மா கிடந்தால் அதையும் போட்டுவிடு.

நவம்பர் 8 கிளம்புகிறேன். அதற்குள் பதில் வர வேண்டும். திட்டுவதானாலும் சரி, இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் திட்டு.

உன்,
கடைசி பெஞ்ச்