ஒன்பதாவது இன்னிங்ஸ் முடிந்த பிறகு

அட்லாண்டா
ஜூலை 2025

மாப்ள,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார்கள் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. மாடிப்படி மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று சொல். நீ சொன்னால் கேட்க மாட்டார்கள், நான் சொன்னதாகச் சொல்.

15ஆம் தேதி செவ்வாய்க்கிழமை ராத்திரி பையனும் நானும் இங்கே ட்ரூயிஸ்ட் பார்க்கில் பேஸ்பால் ஆல் ஸ்டார் ஆட்டம் பார்க்கப் போயிருந்தோம். ஆபீஸில் ஒருத்தருக்குக் கடைசி நேரத்தில் போக முடியாமல் போனதால் டிக்கெட் எங்கள் கைக்கு வந்தது. நீ போனில் கேட்டாயே, "கப்பும் கிடையாது, பாயிண்டும் கிடையாது, அப்புறம் எதுக்குடா அந்த மேட்ச்?" என்று. அன்றைக்கு எனக்குச் சரியான பதில் இல்லை. இப்போது இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இங்கே 30 அணிகள், அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று ரெண்டு பக்கம். 1997க்கு முன்னால் சீசன் கணக்கில் ஒரு லீக்கின் அணி அடுத்த லீக்கின் அணியோடு மோதவே மோதாது, கடைசியில் வேர்ல்ட் சீரிஸில் ரெண்டு பக்கத்துச் சாம்பியன்களும் சந்திப்பதோடு சரி. அதனால் ஜூலை மாதம் ரெண்டு லீக்கிலும் இருக்கிற பெரிய கைகளெல்லாம் ஒரே மைதானத்தில் இறங்குவது என்பது அந்தக் காலத்தில் திருவிழா மாதிரி. 1933இல் சிகாகோவில் ஆர்ச் வார்ட் என்கிற பத்திரிகைக்காரர் யோசனையில் தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே அந்தக் காலத்துப் பெரிய நட்சத்திரம் பேப் ரூத் ஒரு ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி, பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) அடித்தார், அமெரிக்கன் லீக் 4-2 என்று ஜெயித்தது. இப்போதோ 2023இலிருந்து எல்லா அணியும் எல்லா அணியோடும் ஆடுகிறது. பழைய பகை கரைந்துவிட்டது, இனி இந்த ஆட்டத்தில் என்ன இருக்கிறது என்று நானே நினைத்ததுண்டு.

ஒருமுறை இதற்கு வலுக்கட்டாயமாக ஒரு கனம் ஏற்றிப் பார்த்தார்கள். 2002இல் மில்வாக்கியில், ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் 11 இன்னிங்ஸ் ஆடியும் 7-7, பந்து வீச ரெண்டு பக்கமும் ஆள் மிச்சமில்லை, டிரா என்று அறிவித்துவிட்டார்கள், ஜனம் கத்தித் தீர்த்தது. அதற்குப் பரிகாரமாக, 2003இலிருந்து 2016 வரை, இதில் ஜெயிக்கிற லீக்கின் சாம்பியனுக்கே வேர்ல்ட் சீரிஸில் சொந்த மைதானச் சலுகை என்று விதி வைத்தார்கள். எனக்கு அது பிடித்ததே இல்லை. வருஷம் முழுக்க உழைத்து ஜெயித்த அணிக்குச் சேர வேண்டியதை, ஒரு ராத்திரி விளையாட்டில் எவனோ அடிக்கிற அடி தீர்மானிப்பது என்ன நியாயம்?

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். ஆறாவது இன்னிங்ஸில் பீட் அலான்சோ மூன்று ரன் ஹோம் ரன் (ஓடுகிற வழியில் பேஸ்களில் நின்ற ரெண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள்) அடிக்க, கார்பின் கேரல் ஒரு ரன்னுக்கு இன்னொன்று அடிக்க, முன்னால் எடுத்த ரெண்டையும் சேர்த்து நேஷனல் லீக் 6-0. முடிந்தது கதை என்று நினைத்தோம்.

அப்போது விளக்கை அணைத்தார்கள். 1974 ஏப்ரல் 8ஆம் தேதி இதே ஊரில் அட்லாண்டா அணியின் ஹேங்க் ஆரன் தன் வாழ்நாள் கணக்கில் 715ஆவது ஹோம் ரன் அடித்து ரூத்தின் 714ஐத் தாண்டினார் அல்லவா, அந்தக் காட்சியை ஒளியாலேயே மைதானத்தில் வரைந்து காட்டினார்கள். பேஸ் பேஸாக அவர் ஓடுவது தெரிகிறது, பந்து போன வழியில் ஒரு வெளிச்சம் எழும்பிப் போகிறது. அந்தச் சாதனையை நெருங்கிய நாட்களில் ஒரு கறுப்பர் ரூத்தைத் தாண்டுவதா என்று கொலை மிரட்டல் கடிதங்கள் அவருக்கு மூட்டை மூட்டையாக வந்தன, தெரியுமா? அதையெல்லாம் சுமந்துகொண்டுதான் அடித்தார். 2021 ஜனவரியில் காலமானார். அந்த வருஷ ஆல் ஸ்டார் இங்கே நடந்திருக்க வேண்டியது, ஜார்ஜியாவின் வாக்குரிமைச் சட்டத் தகராறில் டென்வருக்குப் போய்விட்டது. நாலு வருஷம் கழித்து அவருக்குச் சேர வேண்டிய மரியாதை வந்து சேர்ந்தது. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், பழைய மைதானத்தை இடித்த இடத்தைப் பார்க்கப் போயிருக்கிறேன். கார் நிறுத்துகிற வெறும் தார்த்தரை, நடுவில் அந்தப் பந்து தாண்டிப்போன இடத்தில் ஒரு துண்டு வேலி மட்டும் நின்றது. தனியாக அதன் முன்னால் நின்றது ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

விளக்கு வந்ததும் ஆட்டம் தலைகீழ். ஏழாவதில் பிரெண்ட் ரூக்கரின் மூன்று ரன் ஹோம் ரன்னோடு சேர்த்து அமெரிக்கன் லீக்குக்கு நாலு ரன், ஒன்பதாவதில் இன்னும் ரெண்டு ரன், 6-6.

இதற்குத்தான் 2022இல் ஒரு விதி கொண்டுவந்திருந்தார்கள், முதல் தடவையாக இப்போதுதான் தேவைப்பட்டது. கூடுதல் இன்னிங்ஸ் கிடையாது. பக்கத்துக்கு மூன்று பேர், ஆளுக்கு மூன்று முறை மட்டையைச் சுழற்றலாம், எந்தப் பக்கம் ஹோம் ரன் அதிகமோ அது ஜெயித்ததாகக் கணக்கு. நம்ம சூப்பர் ஓவர் மாதிரி, ஆனால் எதிரணி பௌலர் இல்லை, சொந்த அணியின் கோச்சே அடிக்கத் தோதாகப் போட்டுக்கொடுப்பார்.

எங்கள் வரிசையில் பாதி சீட் அதற்குள் காலி. மிச்சமிருந்தவர்கள் உட்காரவே இல்லை. அமெரிக்கன் லீக்குக்கு ரூக்கர் ரெண்டு, ரேண்டி அரோசரேனா ஒன்று. நேஷனல் பக்கம் கைல் ஸ்டவர்ஸ் ஒன்றே ஒன்று. 3-1. அப்புறம் ஃபிலடெல்ஃபியாவின் கைல் ஷ்வார்பர் வந்தார். அன்றைக்கு ஆட்டத்தில் ஒரு ஹிட்கூட அடிக்காதவர். டாட்ஜர்ஸ் கோச் டீனோ ஈபல் போட்ட பந்தில் முதல் அடி நடுவே பறந்தது. ரெண்டாவது 461 அடி தூரம். மூன்றாவதை ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றியபடி அடித்தார், பந்து எங்கள் வலப்பக்க ஸ்டாண்டுக்குள் வந்து விழுந்தது. மூன்றுக்கு மூன்று, 4-3! கடைசியாக வந்த ஜோனத்தன் அராண்டாவுக்கு ஒன்றும் விழவில்லை, நேஷனல் லீக் ஜெயித்துவிட்டது, அவர்கள் பக்கத்து மூன்றாவது ஆளான அலான்சோவுக்கு மட்டையைத் தூக்கவே வேலை வரவில்லை. ஆட்ட நாயகன் ஷ்வார்பர்தான்.

ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஆட்டக்காரர்களை. ரெண்டு பக்கமும் ஷெட்டில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்து நிற்கிறார்கள், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள், ஒவ்வொரு அடிக்கும் குதிக்கிறார்கள், ஒருத்தர் தோளில் ஒருத்தர் விழுகிறார்கள். ஜெயித்தால் கிடைப்பது ஒன்றுமில்லை என்று அவர்களுக்கும் தெரியும். நாம் கீழத்தெருப் பசங்களோடு இருட்டும்வரை ஆடி, கடைசி ஓவருக்குப் பந்தே தெரியாமல் ஆடினோமே, அன்றைக்கு நமக்கு என்ன கப் வைத்திருந்தார்கள்? மாப்ள, உன் கேள்விக்கு நான் கண்ட பதில் அந்த முகங்கள்தான்.

ஒரு குறை மட்டும் உண்டு. பந்து வீசுகிற பிட்சர்களுக்கு அந்த முடிவில் இடமே இல்லை. பேஸ்பால் என்பதே பிட்சருக்கும் பேட்டருக்கும் நடக்கிற சண்டை, அதில் பாதியை எடுத்துவிட்டு ஆட்டத்தை முடிப்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஒரு இன்னிங்ஸாவது கூடுதலாக ஆடவிட்டு, அதற்கும் தீராவிட்டால் இதற்கு வரலாம்.

வீடு வந்து சேர ஒன்றரை மணி. பையன் காரிலேயே தூங்கிவிட்டான், தொப்பியைக் கழற்றவில்லை.

அடுத்த வருஷ ஆட்டம் ஃபிலடெல்ஃபியாவில், ஷ்வார்பரின் சொந்த மைதானத்தில். ஜூலையில் வருவதாகச் சொன்ன உன் பயணத்தை அதற்குத் தகுந்தபடி போட்டுக்கொள், டிக்கெட் நான் பார்த்துக்கொள்கிறேன். பாப்பாவுக்கு எந்தக் காலேஜ் கிடைத்தது என்று நீ எழுதவே இல்லை, முதலில் அதை எழுது.

உன்,
பழைய பெஞ்ச் தோழன்