நூறு வரை ஒப்பிக்கிறாள், நாலு தம்ளர் எடுத்துவரத் தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 35 வருடம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊர்க்காரர்களுக்கு இன்றைக்கும் அது பால்வாடிதான், நான் பால்வாடி டீச்சர்தான். கோடை விடுமுறைக்கு என் பேத்தி வந்திருந்தாள். அவள் ஊருக்குப் போனபிறகும் மனசு ஆறாமல்தான் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு நாலே கால் வயது. எல்.கே.ஜி. முடித்திருக்கிறாள். வந்த அன்று சாயங்காலம் மருமகள் பெருமையாக, "ஆச்சிக்கு நம்பர்ஸ் சொல்லிக் காட்டு" என்றாள். ஒன், டூ என்று ஆரம்பித்து ஹண்ட்ரட் வரை மூச்சு வாங்காமல் சொன்னாள். எனக்கும் சந்தோஷம்தான், கை தட்டினேன். பிறகு காபி போடும்போது, "நாலு தம்ளர் எடுத்துட்டு வா தாயி" என்றேன். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏழு தம்ளரோடு வந்தாள். நாலு என்ற சொல் தெரியவில்லையோ என்று, "ஃபோர் போதும்மா" என்றேன். அப்படியே நின்று என் முகத்தைப் பார்த்தாள். சரி, எண்ணட்டும் என்று தம்ளர்களை வரிசையாக வைத்தேன். விரல் ஒரு வேகத்தில் போனது, வாய் வேறொரு வேகத்தில் போனது. டென் என்று முடித்தாள். "அப்ப எத்தனை தம்ளர் இருக்கு?" என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஒன், டூ.

பிள்ளை மேல் குறை இல்லை. அந்த வயதுக்கு அது இயல்பு. எண்ணுவது என்று பெரியவர்கள் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், அதற்குள் பல வேலைகள் இருக்கின்றன. சொற்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு சொல், விட்டுப்போகவும் கூடாது, ஒன்றையே இரண்டு தடவை தொடவும் கூடாது. கடைசியாக வாயில் வந்த சொல்தான் மொத்தம் எத்தனை என்பதற்கான பதில் என்றும் புரிய வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் கஷ்டமானது. முதல் படி வாய்ப்பாட்டு மாதிரி, கேட்டுக் கேட்டே வந்துவிடும். என் பேத்திக்கு வந்திருந்தது அது மட்டும்தான். அதற்குத்தான் அவளுடைய பள்ளியில் ஸ்டார் குத்தி அனுப்பியிருந்தார்கள்.

அவள் பையில் ஒரு கட்ட நோட்டு இருந்தது. 1 முதல் 100 வரை, பக்கம் பக்கமாக. 6 திரும்பியிருந்த இடமெல்லாம் சிவப்பு மை. ஆறேழு வயது வரைக்கும் பிள்ளைகள் எண்களைத் திருப்பிப் போடுவது சாதாரணம், விரல் தசை உறுதிப்படவும் நாளாகும். விடுமுறைக்கும் தினம் இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். பென்சிலை எடுத்தாலே, "கை வலிக்கு ஆச்சி" என்பாள். நடிப்பு என்றுதான் அவள் அப்பா சொன்னான். நான் அந்த நடுவிரலைப் பிடித்துப் பார்த்தேன், தோல் தடித்துப்போயிருந்தது.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றால், நானும் அந்தத் தப்பைச் செய்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேற்பார்வைக்கு வருகிறவர்கள் முன்னால் பிள்ளைகள் கோரஸாக எண்களைச் சொன்னால் அதுவே எனக்குப் பெருமை. அப்போது ஒரு பையன் இருந்தான். அவனுடைய அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர். பையன் வாயே திறக்க மாட்டான். பாட்டும் சொல்ல மாட்டான், எண்ணும் சொல்ல மாட்டான். கணக்கு வராது என்று நானே மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். ஆயா லீவு போட்ட ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில் தட்டு வைக்கும் வேலையை அவனிடம் கொடுத்தேன். உட்கார்ந்திருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தான், உள்ளே போனான், தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து ஆளுக்கு ஒன்றாக வைத்தான். கடைசித் தட்டு கடைசிப் பிள்ளைக்குச் சரியாக வந்தது. மிச்சம் இல்லை, குறையவும் இல்லை. மறுநாள் முட்டை வைக்கும்போது என் முந்தானையை இழுத்து, "டீச்சர், இன்னைக்கு மூணு பேர் வரல" என்றான். அவன் என்னிடம் பேசிய முதல் வாக்கியமே அதுதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வாய் திறக்காததால் ஒரு பிள்ளையைத் தெரியாதவன் பட்டியலில் வைத்திருந்தேனே, இன்னும் எத்தனை பேரை இப்படி வைத்திருக்கிறேன் என்று.

அதற்குப் பிறகு எங்கள் மையத்தில் தட்டு வைப்பது, தம்ளர் வைப்பது, முட்டை எண்ணுவது எல்லாம் பிள்ளைகள் வேலை. அதுதான் கணக்கு வகுப்பு.

பேத்தியோடும் அங்கிருந்தே தொடங்கினேன். மகனிடம் பேசி நோட்டைப் பரண் மேல் வைத்தாயிற்று. சாப்பிட உட்காரும்போது தட்டு வைப்பது அவள் பொறுப்பு. முதலில் எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை, ஆளுக்கொரு தட்டு, அவ்வளவுதான். பிறகு, "நாம எத்தனை பேரு? அத்தனை தட்டு எடுத்துட்டு வா" என்றேன். உள்ளே போய் மறந்துவிட்டுத் திரும்பி வருவாள், எங்களை எண்ணுவாள், மறுபடி போவாள். நாலைந்து நாள் இப்படி நடந்தாள். நான் உதவிக்குப் போகவில்லை. ஒரு நாள் அடுப்படியிலிருந்தே, "ஆச்சி, ஒரு தட்டு பத்தல!" என்று கத்தினாள். ஆட்களைத் திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஹண்ட்ரட் வரை சொன்னதற்கு நான் கை தட்டினேனே, அந்தக் கைதட்டலை இதற்குத்தான் வைத்திருக்க வேண்டும்.

எண்ணும்போது ஒரு பழக்கம் மட்டும் உதவும். தொட்ட பொருளை அந்தப் பக்கம் நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள். விரலும் வாயும் தானாக ஒரே வேகத்துக்கு வந்துவிடும்.

பல்லாங்குழியை நிறைய வீடுகளில் அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல கணக்குக் கருவி நான் பார்த்ததில்லை. 14 குழியும் வேண்டாம், ஆளுக்கு மூன்று குழி, குழிக்கு மூன்று புளியங்கொட்டை போதும். குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவதுதான் ஒரு பொருளுக்கு ஒரு எண் என்கிற பாடம். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் பசு, எடுத்துக்கொள்ளலாம். பசுவைத் தவற விடக்கூடாது என்பதற்காகவே பிள்ளை நாலை ஒரே பார்வையில் அடையாளம் காணப் பழகிவிடும். எண்ணிக்கொண்டிருந்தால் எதிராளி எடுத்துக்கொள்வாரே! வெறுங்குழியைத் துடைத்துவிட்டு அடுத்த குழியை அள்ளும்போது, "இங்க ஒண்ணுமே இல்ல" என்பாள். பூஜ்யம் அவளுக்குக் கிடைத்தது அந்தக் குழியில்தான். ஒரு எச்சரிக்கை: மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் புளியங்கொட்டை வேண்டாம். எங்கள் மையத்தில் ஒரு பிள்ளை மூக்கில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். குன்றிமணி எந்த வயதிலும் வேண்டாம், அது விஷம்.

பேத்தி முன்னால் ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை கொட்டைகளை வைத்தேன். இரண்டும் ஒன்றுதான் என்றாள். ஒரு வரிசையை இடைவெளி விட்டுப் பரப்பினேன். இதில்தான் கூட இருக்கிறது என்று நீளமான வரிசையைக் காட்டினாள். சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் பியாஜே பிள்ளைகளிடம் இதே மாதிரிச் சோதனைகள் செய்து பார்த்தவர் என்று பயிற்சியில் சொன்னார்கள். கண்ணுக்கு நீளமாகத் தெரிவது கூடுதல் என்றுதான் அந்த வயதில் தோன்றும். திருத்த வேண்டாம், அதட்டவே வேண்டாம். வளர வளரத் தானாகச் சரியாகும்.

அடுத்தது மொழி. இதில் மகனுக்கும் எனக்கும் வாக்குவாதமே வந்தது. பேத்தியைக் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர், "பதினாலு ரூவா" என்றார். அவளுக்கு அந்தச் சொல்லே தெரியவில்லை. வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை, எண் மட்டும் இங்கிலீஷில். அந்த இங்கிலீஷிலும் ஃபோர்ட்டீனும் ஃபார்ட்டியும் அவள் காதுக்கு ஒன்றாகவே கேட்கின்றன. தேர்ட்டீன், தேர்ட்டியும் அப்படியே. லெவன், ட்வெல்வ் என்ற சொற்களுக்குள் பத்து எங்கே இருக்கிறது என்று நாலு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். பதினாலு என்றால் பத்தும் நாலும். இருபத்து மூன்றில் இரண்டு பத்து, ஒரு மூன்று. நம் சொல்லுக்குள்ளேயே கணக்கு உட்கார்ந்திருக்கிறது. சீன மொழியிலும் பதினொன்றை "பத்து ஒன்று" என்றுதான் சொல்வார்களாம். தமிழிலும் ஒரு இடறல் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. எண்பத்தொன்பதுக்கு அடுத்து என் பிள்ளைகளில் பாதிப் பேர் "ஒம்பதுபது" என்பார்கள். தொண்ணூறு என்று அங்கே நூறு வந்து நிற்பது அவர்களுக்கு விளங்காது. ஆனால் "ஒம்பதுபது" என்று சொல்கிற பிள்ளைக்கு முறை பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். எனக்கு அந்தத் தப்பைக் கேட்க அவ்வளவு பிடிக்கும்.

எங்கள் பக்கம் மருந்து முக்காத தீக்குச்சி எளிதாகக் கிடைக்கும். கிடைக்காத ஊரில் ஈர்க்குச்சி போதும். பத்துக் குச்சியை ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டாக்குவோம். ஒரு கட்டும் நாலு குச்சியும் கையில் இருந்தால் அது பதினாலு. அவள் அதைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினாள். குச்சியைத் தொடும்போதெல்லாம் எனக்கு அம்மா ஞாபகம். வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொடுத்தவர், கையெழுத்துப் போடத் தெரியாது. 12 டஜன் ஒரு குரோஸ், 144 பெட்டி. ஒட்டிய பெட்டிகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கி, ஒரு குரோஸுக்கு இன்னும் எத்தனை வேண்டும் என்று நிமிராமலே சொல்வார். நாங்கள் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒட்டினோம். அந்தக் காலம் திரும்பி வர வேண்டாம். கை தொட்ட எண் மறக்காது என்பதை மட்டும் அம்மாவிடம்தான் கற்றேன்.

"நாளைக்கு ஸ்கூலில் இங்கிலீஷில்தானே கேட்பார்கள்" என்றான் மகன். கேட்கட்டும். பத்தும் நாலும் சேர்ந்தது பதினாலு என்று தெரிந்த பிள்ளைக்கு அதன் பெயர் ஃபோர்ட்டீன் என்று சொல்லிக்கொடுக்க எத்தனை நாள் ஆகும்? எண் ஒரு தடவை புரிந்தால் போதும், பெயர்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டில் உளுந்து அளந்தார்கள். பெரியவர் படியைச் சாய்த்து, "லாபம், ரெண்டு, மூணு" என்று அளந்தார். ஓரமாக நின்றவள், "தாத்தா, ஒண்ணு சொல்லல!" என்றாள். அவர் சிரித்துவிட்டு, "ஒண்ணுக்கு இன்னொரு பேரு லாபம் தாயி" என்றார்.

தமிழக அரசு 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்து, முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க வழி செய்தது. நல்ல காரியம். ஆனால் அதற்கு முந்திய மூன்று முதல் ஐந்து வயதுதான் தனியார் பள்ளிகளில் கட்ட நோட்டிலேயே கழிகிறது. அந்த வயதுக்கு எழுத்து வீட்டுப்பாடமே கூடாது என்று கல்வித்துறை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெற்றோரும் பள்ளியில் சேர்க்கப் போகும்போது, "எத்தனை வரை எழுதச் சொல்லித் தருவீர்கள்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, பிள்ளைகள் கையில் எடுத்து எண்ண என்ன பொருள் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு முறை ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்கள். கடலைமிட்டாயைப் பாதியாக உடைத்து எது பெரிய பாதி என்று கேட்பது, துவைத்த துணியில் ஜோடி சேர்ப்பது, கோலத்தில் புள்ளி வைப்பது என்று வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்றை மட்டும் போட்டால் போதும். எழுதிக் கொடுக்க ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம். முதல் பத்து வாரத்துக்கானதை இந்தக் கடிதத்தோடு தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
கோவில்பட்டி வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.