செயலாளர் ஆண்டறிக்கை: கேசட் மீட்புப் பணி

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் வீட்டுப் பரண்களில் கிடந்த கம்ப்யூட்டர் கேசட்டுகளைப் படித்து, கோப்புகளாகச் சேமித்ததுதான் இந்த ஆண்டின் பெரிய வேலை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 1975 நவம்பரில் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் பைட் என்ற கம்ப்யூட்டர் பத்திரிகை கூட்டிய கூட்டத்தில்தான், கம்ப்யூட்டர் தகவலை ஒலியாக்கிச் சாதாரண கேசட்டில் பதிய ஒரு பொது முறை பேசி முடிவானது. பூஜ்யம் என்றால் 1200 ஹெர்ட்ஸில் நான்கு அலை. ஒன்று என்றால் 2400 ஹெர்ட்ஸில் எட்டு அலை. வேகம் நொடிக்கு 300 பிட் (ஒரு பூஜ்யமோ ஒன்றோ ஒரு பிட்), அதாவது சுமார் 27 எழுத்து. பின்னால் வந்த பிரிட்டிஷ் கம்ப்யூட்டர்களில் பிபிசி மைக்ரோ 1200 பிட்டுக்குப் போனது. ஸ்பெக்ட்ரம் ஏறக்குறைய 1500.

நம்மிடம் வந்தவை பெரும்பாலும் இந்த இரண்டின் கேசட்டுகளே. பிபிசி, 1984இல் தொடங்கிய கிளாஸ் என்ற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த மெஷின். ஸ்பெக்ட்ரம், வெளிநாட்டிலிருந்த உறவினர்கள் வாங்கி வந்தது. மீட்கிறவனுக்கு பிபிசிதான் புண்ணியவான். 256 பைட் துண்டுகளாக எழுதி ஒவ்வொன்றையும் சரிபார்க்கும். ஒன்று கெட்டால் சற்றே ரீவைண்ட் செய்து அதை மட்டும் திரும்ப ஓட்டலாம். ஸ்பெக்ட்ரமில் ஒரு பிட் மாறினாலும் கடைசியில்தான் தெரியும். திரை ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கோடு ஓடுவதை நாலைந்து நிமிடம் பார்த்தபின் ‘ஆர் டேப் லோடிங் எரர்’ என்று பிழைச் செய்தி வரும். சரி, மறுபடி முதலிலிருந்து.

பல கேசட்டுகள் கெட்டவையே அல்ல. பதிவு செய்த டெக்கின் (டேப் ரிக்கார்டரின்) ஹெட், அதாவது நாடாவைத் தொடும் முனை, சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். அதற்கு ஈடாக நம் டெக்கில் ஹெட்டின் பக்கத்துத் திருகைச் சிறு ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருப்பினால் மந்தமான இரைச்சல் ஓர் இடத்தில் கூர்மையாகும். அங்கே நிறுத்தினால் போதும். பூஞ்சை பிடித்தவற்றைத் தனியே வைத்திருக்கிறோம். தயவுசெய்து அவற்றை யாரும் வீட்டில் ஓட்ட வேண்டாம், ஹெட்டும் அழுக்காகும்.

ஒரு கேசட்டில் புரோகிராம் முடிந்ததும், அழியாமல் மிஞ்சியிருந்த நாதஸ்வரக் கச்சேரி பாதி ராகத்திலிருந்து கிளம்பியது. வெட்டிவிடலாம் என்றார்கள் சிலர். நான் வெட்டவில்லை, கேசட்டில் உள்ளது உள்ளபடியே இருக்கட்டும்.

கண்ணாடி அலமாரி வாங்கும் யோசனையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கக் கோருகிறேன். முதலில் டெக்குகளுக்கு ரப்பர் பெல்ட் வாங்க வேண்டும். இப்போதுள்ளவை தொய்ந்து வேகம் ஏறி இறங்குகிறது. சந்தா பாக்கியுள்ளவர்கள் இன்றே பொருளாளரிடம் கட்டிவிட்டால் அதற்கே உதவும். அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்