கூட்டக் கூடாத இரண்டு எண்கள்

அன்புள்ள யாழினிக்கு,

டொராண்டோ முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் செவிலியர்களையும் பராமரிப்பாளர்களையும் வைத்து நீ எழுதிய ஆய்வுத் திட்டத்தை முழுக்க வாசித்தேன். இரண்டு பண்பாடுகளில் வாழ்கிறவர்கள் வேலையிடத்தில் யாருக்கு ஓடிப்போய் உதவுகிறார்கள், எப்போது தவறைச் சுட்டிக்காட்டுகிறார்கள், எப்போது பேசாமல் இருந்துவிடுகிறார்கள் என்ற கேள்வி நல்ல கேள்வி. ஆனால் முறையியல் பகுதியில் ஒரு வரி இருக்கிறது. ஒருவரின் இரு பண்பாட்டு அடையாளங்கள் அவருக்குள் எவ்வளவு இணைந்திருக்கின்றன என்று அளக்கும் அடையாள ஒருங்கிணைப்பு அளவுகோலின் எல்லாக் கேள்விகளையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரி போதும், மற்ற உழைப்பையெல்லாம் வீணாக்க.

ஏன் என்று சொல்கிறேன். வெரோனிகா பெனெட்-மார்ட்டினெஸும் ஜானா ஹாரிட்டாட்டோஸும் 2005இல் வெளியிட்ட ஆய்வு சீன அமெரிக்கர்களிடம் இதைத்தான் பிரித்துக் காட்டியது. ஒருவர் தன் இரு அடையாளங்களையும் எவ்வளவு தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார் என்பது ஒன்று, அது இடைவெளி. அவை தனக்குள் மோதிக்கொள்கின்றன என்று எவ்வளவு உணர்கிறார் என்பது வேறொன்று, அது மோதல். இரண்டும் குறைவாக இருந்தால் ஒருங்கிணைப்பு அதிகம். இரண்டும் ஒன்றோடொன்று பெரிதாகச் சேர்ந்து நகர்வதில்லை. அவற்றின் வேர்களும் வேறு. புதியதை ஏற்கும் மனப்பாங்கு குறைவாக இருப்பது, பண்பாட்டு ரீதியில் தனிமைப்பட்ட சூழலில் வாழ்வது போன்றவற்றோடு இடைவெளி சேர்ந்து வருகிறது. மோதலோ பாகுபாடு, மற்ற இனத்தாரோடு உள்ள உறவுச் சிக்கல் ஆகியவற்றோடு சேர்ந்து வருகிறது. எளிதில் பதற்றப்படும் இயல்புக்கும் அதில் பங்குண்டு.

இதை உன் முதியோர் இல்லத்தில் வைத்துப் பார். வீட்டில் முழுத் தமிழாகவும் வார்டில் முழுக் கனடியனாகவும் இருக்கும் பராமரிப்பாளருக்கு இடைவெளி அதிகம். மோதல் இல்லாமலே இருக்கலாம், நிம்மதியாக வேலை செய்வார். உச்சரிப்பைக் குறித்து நோயாளியின் மகனிடம் தினமும் பேச்சு வாங்குகிறவருக்கு இடைவெளி குறைவாக இருந்தும் மோதல் உச்சத்தில் இருக்கலாம். இருவரையும் கூட்டி எடுத்தால் இருவருக்கும் ஒரே நடுத்தர மதிப்பெண். முதலாமவருக்கு நிர்வாகம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இரண்டாமவருக்குச் செய்யவேண்டியது நிறைய. உன் கூட்டுத்தொகை அந்தக் கடமையை அழித்துவிடும். பிறகு யாரோ ஒரு மேலாளர் உன் அறிக்கையைப் படித்து, ‘ஒருங்கிணைப்பு குறைந்த ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்போம்’ என்பார். தொல்லை கொடுக்கும் குடும்பங்களையும், கண்டும் காணாமல் இருக்கும் சூப்பர்வைசரையும் யாரும் தொடமாட்டார்கள். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே இடைவெளி, மோதல் என்ற இரண்டு துணை அளவுகோல்களையும் தனித்தனி மாறிகளாகப் புள்ளியியல் மாதிரியில் வை. 2018இல் ஹுவினும் பெனெட்-மார்ட்டினெஸும் நுயெனும் வெளியிட்ட திருத்திய வடிவத்தையே பயன்படுத்து. முதலில் உன் தரவில் இரு காரணி அமைப்பு நிற்கிறதா, அதாவது கேள்விகள் இந்த இரண்டு தொகுதிகளாகவே பிரிகின்றனவா என்று பார். பிறகு பிலிப்பைன்ஸ் ஊழியர், தமிழர், கரீபியன் ஊழியர் என்ற குழுக்களில் அளவுகோல் ஒரேபோல் வேலை செய்கிறதா என்ற சோதனை. முதலில் அமைப்பு, அடுத்து காரணிச் சுமைகள் (ஒவ்வொரு கேள்வியும் தன் தொகுதியோடு எவ்வளவு வலுவாகச் சேர்கிறது), கடைசியாக வெட்டுப்புள்ளிகள் (ஒவ்வொரு கேள்விக்கும் பதிலின் தொடக்க மட்டம்) என்று படிப்படியாகக் கட்டு. ஒவ்வொரு படியிலும், மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் சிஎஃப்ஐ குறியீடு 0.01க்கு மேல் சரிந்தால் அங்கேயே நில். வெட்டுப்புள்ளிகள் சமமாகாமல் குழுச் சராசரிகளை ஒப்பிடாதே. ‘தமிழருக்குப் பிலிப்பினோக்களைவிட மோதல் அதிகம்’ என்று எழுத உனக்கு உரிமை கிடையாது. குழுக்களுக்குள் உள்ள தொடர்புகளை மட்டும் பேசலாம், அதுவும் சுமைகள் சமமாக இருந்தால். இந்தச் சோதனைக்குக் குழுவுக்கு 200 பேராவது வேண்டும். உன் திட்டத்தில் கரீபியன் குழுவில் 60 பேர்தான். அந்தக் குழுவை விவரணையாக வைத்துக்கொள், ஒப்பீட்டில் சேர்க்காதே.

கேள்வித்தாள் மொழிபெயர்ப்புக்கு ஒரே ஆளை நம்பாதே. இருவர் தனித்தனியாகத் தமிழாக்கட்டும், மூன்றாமவர் மூலத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்துக்குத் திருப்பட்டும், பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கட்டும். திருப்பி மொழிபெயர்த்தது அழகாகப் பொருந்திவிட்டது என்று நிம்மதியாகிவிடாதே. எட்டுப் பத்துப் பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துக் காட்டி, ‘இதைக் கேட்டதும் என்ன நினைத்தீர்கள்?’ என்று கேள். அவர்களில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்துக்காரர்களாகவும் மீதிப் பேர் தமிழ்நாட்டுக்காரர்களாகவும் இருக்கட்டும். கனடாவின் கணக்கெடுப்பு இருவரையும் தெற்காசியர் என்ற ஒரே பெட்டியில் போடுகிறது. நீயும் அப்படிப் போட்டால், போரால் புலம்பெயர்ந்தவரும் வேலை விசாவில் வந்தவரும் ஒன்றாகிவிடுவார்கள். எந்த இரண்டு பண்பாடுகள் என்பதை நீ முன்கூட்டி அச்சிடாதே, அவர்களே எழுதட்டும். மூன்று எழுதினாலும் ஏற்றுக்கொள்.

வந்த வயதையும் இருந்த ஆண்டுகளையும் கட்டாயம் கேள். ஆனால் வந்த வயதோடு இருந்த ஆண்டுகளைக் கூட்டினால் இப்போதைய வயது வந்துவிடும் என்பதால் மூன்றையும் ஒரே சமன்பாட்டில் போட முடியாது. எதை விடுகிறாய் என்பதைத் தரவைப் பார்க்கும் முன்னரே பதிவுசெய்துவிடு.

அடுத்தது, ஊழியர்களுக்குக் கொடிப் படங்களைக் காட்டி விளைவைப் பார்க்கும் உன் சோதனை. 2000இல் யிங்-யி ஹாங், மைக்கேல் மோரிஸ், சி-யூ சியு, பெனெட்-மார்ட்டினெஸ் நால்வரும் வெளியிட்ட கட்டுரை உன்னை ஈர்த்திருப்பது புரிகிறது. இரு பண்பாட்டவரிடம் ஒரு பண்பாட்டின் சின்னங்களைக் காட்டிவிட்டு, கூட்டத்துக்கு முன்னால் தனியே நீந்தும் மீனின் படத்தைக் காட்டினால், அந்த மீன் ஏன் அப்படிப் போகிறது என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணமே மாறியது. சீனச் சின்னங்களைப் பார்த்தவர்கள் மற்ற மீன்களைக் காரணம் காட்டினார்கள். அமெரிக்கச் சின்னங்களைப் பார்த்தவர்கள் அந்த மீனின் சொந்த விருப்பத்தைப் பார்த்தார்கள். அழகான வேலை. ஆனால் பெனெட்-மார்ட்டினெஸ் பங்கேற்ற 2002, 2006 ஆய்வுகளையும் சேர்த்து வாசி. நேர்மறையான சின்னங்களைக் கண்டதும் ஒருங்கிணைப்பு அதிகமுள்ளவர் அந்தப் பண்பாட்டின் பக்கம் சாய்கிறார், குறைந்தவர் எதிர்ப் பக்கம் போகிறார். எதிர்மறையான சின்னங்களுக்கு இது தலைகீழாகிறது. உன் முதியோர் இல்லத்தில் கனடாக் கொடி ஒருவருக்குக் குடியுரிமை விழா, இன்னொருவருக்கு தாயின் நிராகரிக்கப்பட்ட விசா. எந்தத் திசையில் விளைவு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத தூண்டலை 80 பேரிடம் செய்தால், எது வந்தாலும் ஒரு விளக்கம் கிடைத்துவிடும். அந்தப் பகுதியை நீக்கு. அந்தப் பணத்தை மூன்றாவது சுற்றுக்கு வைத்துக்கொள்.

மூன்று சுற்று வேண்டும் என்று நான் அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வேலையிடம் மோதலை உண்டாக்குகிறதா, மோதலோடு இருப்பவர் வேலையிடத்தைக் கடுமையாகப் பார்க்கிறாரா என்பதை ஒரே நாளில் நிரப்பிய கேள்வித்தாள் சொல்லாது. ஆறு வார இடைவெளியில் மூன்று முறை அள. ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் கால்வாசிப் பேர் விலகுவார்கள் என்று வைத்துக்கொண்டால் 400 பேரோடு தொடங்கினால் 225 பேர் மிஞ்சுவார்கள். ஆளை அடையாளம் காட்டாமல் சுற்றுகளை இணைக்க ரகசியக் குறியீடு போடும்போது, தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப்பெயரைக் கேட்கும் வழக்கம் அங்கே உண்டு. தமிழர்களிடம் அது உடைந்துவிடும்: பலருக்குக் குடும்பப்பெயரே கிடையாது, தகப்பன் பெயர்தான், அதையும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு எழுத்தில் எழுதுவார்கள். பிறந்த தேதியின் நாள், கைபேசி எண்ணின் கடைசி இரு இலக்கங்கள், உடன்பிறந்தோர் எண்ணிக்கை ஆகியவை போதும்.

உதவுதலையும் குரல் கொடுப்பதையும் அவரவரிடமே கேட்காதே. சூப்பர்வைசரிடம் கேள், ஆனால் ஒரே சூப்பர்வைசர் பன்னிரண்டு பேரை மதிப்பிட்டால் அந்தப் பன்னிரண்டும் ஒன்றுக்கொன்று சுதந்திரமான தரவு அல்ல என்பதால் ஊழியர், சூப்பர்வைசர் என்ற இரு நிலைகளையும் கணக்கில் எடுக்கும் பல்நிலை மாதிரி கட்டாயம். சக ஊழியர் பட்டியலைக் கொடுத்து ‘சென்ற இரு வாரத்தில் யாரிடம் உதவி கேட்டீர்கள்?’ என்று டிக் செய்யச் சொல்வது அதைவிட நல்லது. ஆனால் டீமில் 80 சதவீதத்துக்குக் கீழே பதில் வந்தால் அந்த டீமின் வலைப்பின்னலை நம்பாதே.

டீமின் அமைப்பையும் குறித்துக்கொள். லாவும் மர்னிகனும் 1998இல் பிளவுக்கோடு என்று சொன்னது உன் இல்லங்களில் கண்ணால் பார்க்கக்கூடியது. ஆறு பேரில் மூவர் பிலிப்பினோ, மூவர் தமிழர். தமிழர் மூவரும் பகல் ஷிஃப்ட், மூவரும் தற்காலிக ஊழியர், மூவரும் ஒரே மொழி என்றால் எல்லா வேறுபாடும் ஒரே கோட்டில் வந்து விழுகிறது, டீம் இரண்டாகும். ஷிஃப்டுகளைக் கலந்து போட்டாலே அந்தக் கோடு பலவீனமாகிவிடும். ரோஸ்டரை வாங்கு. அடையாளத்தைப் பற்றிய எந்தப் பயிற்சி வகுப்பையும்விட ரோஸ்டரை மாற்றுவது மலிவு என்பது என் கணிப்பு.

பெரும்பான்மையினர் என்ன நினைக்கிறார்கள் என்பதையும் அளக்க மறந்திருக்கிறாய். விக்டோரியா பிளாட்டும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் ஒரு நிறுவனத்தின் 18 பிரிவுகளில் பார்த்தது இது: வெள்ளையின ஊழியர்கள் பன்மைப் பண்பாட்டை மதித்த பிரிவுகளில் சிறுபான்மையினரின் ஈடுபாடு அதிகம். நிறத்தையே பார்க்கமாட்டோம் என்று வெள்ளையினர் அதிகம் சொன்ன இடங்களில் பாகுபாடு அதிகமாக உணரப்பட்டது, ஈடுபாடும் குறைந்தது. ஆகவே சிறுபான்மை ஊழியரின் மனதை அளந்து பக்கத்து மேசைக்காரரின் மனதை அளக்காமல் விட்டால், பாதி மாறியை வெளியே விட்டதாக ஆகும். பிரிவு அளவில் திரட்டும் முன், ஒரே பிரிவினரின் பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் உடன்பாட்டுக் குறியீடு 0.70 வருகிறதா, பிரிவுகளுக்கிடையே வேறுபாடு இருக்கிறதா என்று பார்.

நிறுவனத்தின் வரவேற்புரையை அப்படியே நம்பிவிடாதே. 2016இல் சோனியா காங்கும் மற்றவர்களும் அமெரிக்க நகரங்களில் 1,600 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். இன அடையாளம் தெரியாமல் திருத்தியபோது கறுப்பின விண்ணப்பதாரருக்கு அழைப்பு 10 சதவீதத்திலிருந்து 25 ஆனது, ஆசியருக்கு 11.5இலிருந்து 21 ஆனது. பன்முகத்தன்மையை மதிக்கிறோம் என்று விளம்பரத்தில் எழுதிய நிறுவனங்களும் இதில் குறைந்தவை அல்ல. இல்லத்தின் கொள்கை அறிக்கையைத் தரவாக வைத்துக்கொள், நடத்தைக்குச் சாட்சியாக வைக்காதே.

மோதல் என்றாலே கெடுதி என்றும் எழுதாதே. மோக்கும் மோரிசும் 2010இல் காட்டியதுபோல், ஒருங்கிணைப்பு குறைந்தவர்கள் தம் இனக் குழுவின் ஒருமித்த தவறான முடிவுக்கு எளிதில் இழுபடுவதில்லை. ஒருங்கிணைப்பு அதிகமுள்ளவர்களின் படைப்பாற்றலுக்கும் நிபந்தனை உண்டு. 2008இல் செங்கும் மற்றவர்களும் ஆசிய அமெரிக்கர்களைப் புதுச் சமையல் உருவாக்கச் சொன்னபோது, இரு நாட்டுப் பொருட்களும் மேசையில் இருந்தால் மட்டுமே அவர்கள் முந்தினார்கள். வேலை இரு பண்பாட்டையும் கேட்காத இடத்தில் அந்தத் திறமை வெளியே வராது.

கடைசியாக, நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் படிவத்தில் ஒரு வரி சேர்: 5 பேருக்குக் குறைவான எந்த அட்டவணைக் கட்டமும் நிறுவனத்துக்குத் தரப்படாது. ஆறு பேர் டீமில் ஒரே தமிழ்ப் பெண் என்றால் அவள் சொன்ன பதில் அவள் பெயரேதான். யார் பங்கேற்றார்கள் என்பதும் எச்.ஆருக்குத் தெரியக் கூடாது. கேள்வித்தாளை வேலை நேரத்தில் மேலாளர் கையால் விநியோகிக்க விடாதே.

திருத்திய திட்டத்தையும் தமிழ்க் கேள்வித்தாளையும் வெள்ளிக்குள் அனுப்பு. முன்சோதனையில் ஆட்கள் தயங்கிய கேள்விகளை மட்டும் தனித்தாளில் குறித்து வை, அதை முதலில் பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா